பரணில் கிடக்கும் வானொலிப் பெட்டி

படுவான்கரைக் கிராமம் ஒன்றில் மீள்குடியேறிய குடும்பத்தினரைச் சந்திக்கச் சென்றிருந்தோம். வயல், மாடு, கிணறு என்று எல்லாவற்றையும் பேசி முடித்த பின்னர், வீட்டுப் பெரியவர் உரப்பையால் மூடிவைத்திருந்த மரப்பெட்டி ஒன்றைக் காட்டினார். "பாதர், இது அப்பாட ரேடியோ. தொண்ணூறாம் ஆண்டும் விட்டுட்டுத்தான் ஓடினம், 2007இலயும் விட்டுட்டுத்தான் ஓடினம். ரெண்டு முறையும் வந்து பார்க்க இது கிடந்தது. இதைப் பேச வைக்க ஏலுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஊரைக் கூட்டிய பெட்டி

கொழும்பில் 1925 டிசம்பரில் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினர் ஏக்கலையில் நிறுவிய சிற்றலை நிலையம் போருக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்தது. 1949இல் 'றேடியோ சிலோன்' உருவானது. அக்காலத்தில் எமது பகுதிகளில் வால்வு வானொலி போடியார் வீடுகளிலும் சில கடைகளிலும் மட்டுமே இருந்தது. மரண அறிவித்தலும் செய்தியும் கேட்க அயலவர் முற்றத்தில் கூடினர். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் ஒலியை இயேசுசபைக் குரு ஒருவர் 1950களில் கல்லடிப் பாலத்தடியில் பதிவு செய்ய, பின்னர் அதுவும் இலங்கை வானொலியில் ஒலித்தது.

மின்சாரம் இல்லாத ஏழைக் குடியானவர்களின் தேவையை வேறு நாடுகளும் உணர்ந்திருந்தன. இன்று சாம்பியா எனப்படும் நாட்டில் 1949இல், சமையல் பாத்திரத்தின் அலுமினிய உடலுக்குள் நான்கு வால்வுகளை அடக்கி, பற்றரியில் இயங்கும் மலிவான வானொலி ஒன்றை விற்பனைக்கு விட்டனர். அதன் பற்றரி சுமார் 300 மணித்தியாலங்கள் உழைத்தது.

முதலில் உயிர், பிறகு ஒலி

பழைய பெட்டியைக் கண்டதும் மின்சாரத்தில் செருகிப் பார்க்கவே கை துடிக்கும். நாமும் இளமையில் அப்படிச் செய்து, புகையையும் நாற்றத்தையும் மட்டுமே கண்டோம். பல ஆண்டுகள் கிடந்த பெட்டியில் கண்டென்சர்கள் கெட்டிருக்கும்; மெழுகுக் காகிதத்தால் ஆனவை கசியும், மின்னைத் தேக்கும் பெரியவை காய்ந்திருக்கும். அந்நிலையில் மின்சாரம் கொடுத்தால், மீண்டும் பெற அரிதான நிலைமாற்றியும் வால்வுகளும் எரிந்துபோகும்.

ஆபத்து இன்னும் இரண்டு உண்டு. வால்வுப் பெட்டிக்குள் 250 வோல்ற்று அளவில் மின் ஓடும். செருகியைக் கழற்றிய பின்பும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். சில பெட்டிகளில் நிலைமாற்றியே இல்லை. அவற்றின் உலோகத் தட்டு நேராக வீட்டு மின்சாரத்துடன் தொடுக்கப்பட்டிருக்கும். தொட்டால் உயிர் போகலாம். ஆகவே உள்வேலையை அனுபவமுள்ள திருத்துநரிடமே விடுங்கள்.

எனினும், மின்சாரத்தில் செருகாத பெட்டியில் வீட்டார் செய்யக்கூடியவை உள்ளன. பின்பலகையைக் கழற்றி, உலோகப் பாகங்களைத் தொடாமல், மென்மையான தூரிகையால் தூசியையும் பூச்சிக் கூட்டையும் அகற்றலாம். வால்வின் கண்ணாடிக்குள் தெரியும் வெள்ளிப்பூச்சு வெளிறி வெள்ளையாகியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வு இனி உதவாது. வயரின் உறை பொடிந்து உதிர்கிறதா, ஒலிபெருக்கியின் காகிதத்தை எலி கடித்துள்ளதா என்றும் பார்த்துக் குறித்துக் கொடுத்தால் திருத்துநரின் வேலை பாதியாகும்.

நல்ல திருத்துநர் முதலில் கண்டென்சர்களை மாற்றுவார். பின்னர் 60 வாற்று இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுப்பார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று. சற்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. இந்தச் சோதனை இல்லாமல் திருத்தித் தருபவரிடம் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்.

ஒலி தெளிவாகக் கேட்க

நல்ல பெட்டியும் ஏரியல் இல்லாமல் இரைச்சலையே தரும். மத்திய அலைக்கும் சிற்றலைக்கும், இரண்டு தென்னைகளுக்கிடையே 10 முதல் 15 மீற்றர் வரையான செப்பு வயரை உயரக் கட்டுங்கள். இரு முனைகளிலும் பிளாஸ்ரிக் போத்தல் துண்டு அல்லது நைலோன் கயிறு இருந்தால் மின்கசிவு இராது. ஒரு முனையிலிருந்து இறங்கும் வயரைப் பெட்டியின் ஏரியல் துளையில் இணைக்கலாம். நிலைமாற்றியுள்ள பெட்டியாயின், கிணற்றடி ஈரநிலத்தில் இறக்கிய இரும்புக் குழாயிலிருந்து ஏர்த் வயரும் கொடுக்கலாம். உப்பும் ஈரமும் கலந்த வாவிக்கரை மண் இதற்கு மிகவும் உகந்தது.

மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஏரியல் கட்டவே வேண்டாம். இடி முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே வயரைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

சிறிய பற்றரிப் பெட்டிகளில் மத்திய அலைக்கான ஏரியல் உள்ளேயே இருக்கிறது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கத்தில் ஒலி கூடும். பண்பலைக்கு உயரமே முக்கியம். நீட்டும் கம்பி உடைந்திருந்தால் 75 சென்ரிமீற்றர் வயர் போதும். ஏறத்தாழ 3 மீற்றர் நீளமான பண்பலை அலையின் காற்பங்கு அது. எல்.ஈ.டி. பல்பையும் தொலைபேசி சார்ஜரையும் நிறுத்திப் பாருங்கள். பாதி இரைச்சல் அவற்றால் வருவதே.

இன்று என்ன பயன்?

உண்மையை மறைக்க வேண்டாம். இடம்பெயர்ந்த இரவுகளில் நாம் காத்திருந்து கேட்ட பி.பி.சி. தமிழோசையின் வானொலிச் சேவை 2017இல் நின்றது. மணிலாவிலிருந்து வந்த வெரித்தாசின் சிற்றலை 2018இல் நின்றது. பழைய வால்வுப் பெட்டிகள் பலவற்றில் பண்பலையும் இல்லை. இரவில், வானத்தின் கீழடுக்கு மறைந்து அலைகள் தூரம் செல்லும்போது, மத்திய அலையில் தூரத்து நிலையங்கள் சில கிடைக்கலாம். ஆகவே குடும்பத்தின் நினைவுக்காகப் பழையதைத் திருத்துங்கள். வரப்போகும் வெள்ளத்துக்காகப் பற்றரியில் இயங்கும் சிறிய பெட்டி ஒன்றையும் வைத்திருங்கள்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் எம்மிடையே உள்ளனர். பெருங்காற்றில் மின்சாரம் போகும், தொலைபேசிக் கோபுரமும் ஓயும். இரண்டு பற்றரியில் இயங்கும் வானொலி அப்போதும் பேசும். மாரி தொடங்குமுன் ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் ஒரு பெட்டியைப் பரிசோதித்து, பற்றரியைத் தனியே கழற்றி, ஈரம் படாத பையில் வைத்து, அது யார் வீட்டில் உள்ளது என்பதை எல்லோருக்கும் அறிவித்தல் வேண்டும்.

பெரியவரின் பெட்டி திருத்துநரிடம் சென்று சில வாரங்களில் திரும்பி வந்தது. வால்வுகள் சூடேறும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார். முதலில் இரைச்சல், பிறகு தூரத்து நிலையம் ஒன்றின் பாட்டு. பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். "அப்பா இருந்த இடத்திலேயே வை மகன்" என்றார் அவர். அன்று மாலை அயலவர் சிலரும் அந்த முற்றத்துக்கு வந்து அமர்ந்தனர்.