ஏற்றத்தில் மட்டும் வரும் மிஸ்ஸிங்

மலையேறும் வண்டிகள் – 6

“தரையில நல்லாத்தான் ஓடுது அண்ணே. லோடு போட்டு மலையேறினா மூணாவது வளைவுலயே மிஸ்ஸாக ஆரம்பிச்சிடுது.”

பழைய டீசல் பிக்கப்புகளைப் பார்க்கும் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. வண்டியைக் கள்ளக்குறிச்சிக்கு இறக்கி, பட்டறை வாசலில் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் தெரியாது. முதலில் டீசல் பில்டரை மாற்றுவார்கள். அடுத்த வாரம் நாசில்களைக் கழற்றுவார்கள். அப்புறம் பம்ப், கடைக்குப் போய்த் திரும்பி வரும். செலவு ஆயிரங்களைத் தாண்டிய பிறகும் அதே ஏற்றத்தில் அதே குலுக்கல்.

கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் இதைச் சின்னத் தொந்தரவு என்று ஒதுக்கிவிட முடியாது. கீழே இறங்கும் மரவள்ளிக் கிழங்குக்கும், மேலே ஏறும் உரத்துக்கும் சிமென்ட்டுக்கும் பிக்கப்தான் துணை. கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, சாலையும் போக்குவரத்தும் அங்கே முக்கியக் கேள்விகளாக எழுந்தன. பஸ் எட்டாத ஊருக்கு இப்படியொரு வண்டிதான் எல்லாமும். அது பாதி ஏற்றத்தில் நின்றால் ஆபத்தும் கூடவே வருகிறது. சென்ற வாரம் பார்த்த பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் தருவது ஓடுகிற இன்ஜின்தான். இன்ஜின் நின்றபின் சில மிதிகளிலேயே இருப்பு தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும்.

மிஸ்ஸிங் என்றால் என்ன? பெட்ரோல் வண்டி என்றால் முதல் சந்தேகம் ஸ்பார்க் பிளக் மீது விழும். டீசலில் அந்த வேலைக்குப் பிளக்கே கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக பிஸ்டன் நசுக்குகிறது. காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தக் கணத்தில் நாசில் டீசலைப் புகைபோலத் தெளிக்க, அது தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் அடிப்படை இதுதான். ஆகவே சரியான அழுத்தம், சரியான நேரம், சரியான தெளிப்பு என்ற மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. அதுதான் மிஸ்ஸிங்.

மஹிந்திராவின் பழைய பிக்கப்புகளில் பரவலாக வந்த 2,523 சிசி இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரும் 400 முறை எரிய வேண்டும். ஒன்று முழுதாகப் படுத்துவிட்டால் நிமிடத்துக்கு 400 அடி வெறும் அடியாகப் போகும். அந்தத் தாளக்குறைவைத்தான் ஓட்டுநர் இருக்கையில் உடம்பால் உணர்கிறார்.

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: எப்போதும் ஒரே சிலிண்டர்தான் மிஸ்ஸாகிறதா, அல்லது இடம் மாறி மாறி மிஸ்ஸாகிறதா? இதற்கு விடை தெரியாமல் ஸ்பேனரைத் தொட்டால் செலவு நீண்டுகொண்டே போகும்.

மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இன்ஜினில் இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துகிறார் மெக்கானிக். நன்றாக எரியும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தம் சட்டென்று இறங்கி வண்டி குலுங்கும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் படுத்த சிலிண்டர். அடுத்து, அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டரின் நாசிலோடு இடம் மாற்றிப் போட வேண்டும். மிஸ்ஸிங் நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி நாசில். பழைய இடத்திலேயே நின்றால் கம்ப்ரஷன், டாப்பட் இடைவெளி, ஹெட் கேஸ்கெட் என்று உள்ளே போக வேண்டும். ஒரு பைசா பொருள் வாங்காமல் கிடைக்கும் விடை இது.

காமன் ரெயில் இன்ஜினில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அதன் பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். மயிரிழைபோலப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே இழக்க நேரலாம்.

சரி, நான்கு நட்டையும் தளர்த்திப் பார்த்தாயிற்று, நான்கும் ஒழுங்காக எரிகின்றன. மலையில் மட்டும்தான் தகராறு. அப்போது சந்தேகம் இன்ஜினை விட்டு இறங்கி, டேங்கிலிருந்து பம்ப் வரை நீளும் பைப்பின் மேல் விழ வேண்டும்.

கிணற்று மோட்டாரோடு பழகிய விவசாயிக்கு இது சொல்லாமலே புரியும். சக்‌ஷன் பைப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. பிக்கப்பிலும் அதே கதை. வெடித்த ரப்பர் ஹோஸ், இறுக்கம் விட்ட கிளிப், நசுங்கிய காப்பர் வாஷர் எதிலிருந்தும் சொட்டு டீசல் கசியாது. “எங்கயும் லீக் இல்லையே” என்று எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். உள்ளே போன காற்று பம்ப்பில் நசுங்கி விரிகிறது. பழைய நாசில் திறக்க 200 பார் அளவில் அழுத்தம் வேண்டும். காற்றுக் குமிழி வந்த முறை அந்த அழுத்தம் எழாது. இந்த முறை இரண்டாவது சிலிண்டர், அடுத்த முறை நான்காவது என்று மிஸ்ஸிங் அலைவது அதனால்தான்.

மலை எங்கே வந்து சேர்கிறது? வண்டி ஏறும்போது முன்பக்கம் உயர்ந்து, பின்னால் உள்ள டேங்க் தாழ்கிறது. டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையே இரண்டு மீட்டர் என்றால், பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் டீசலை இருபது சென்டிமீட்டர் கூடுதலாகத் தூக்க வேண்டும். லோடுக்கு டீசலும் அதிகம் வேண்டும். இழுப்பு கூடக் கூட, சமதளத்தில் சும்மா இருந்த ஓட்டை காற்றை உறிஞ்சத் தொடங்கும். டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் உறிஞ்சு குழாயின் முனையே ஏற்றத்தில் வெளியே தெரிய வாய்ப்புண்டு.

ரப்பருக்கு வயதாவது மட்டும் காரணமல்ல. அமெரிக்காவில் 1993-இல் கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறியபோது, கலிபோர்னியாவில் பல பழைய வண்டிகளின் பம்ப் ஓரிங்குகள் சுருங்கி ஒழுகின. எரிபொருளின் சேர்மானம் மாறியதைப் பழைய நைட்ரைல் ரப்பர் தாங்கவில்லை. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு கந்தகம் மட்டுமே உள்ள பிஎஸ்-6 டீசல் வந்துவிட்டது. பதினைந்து ஆண்டு பழைய பிக்கப்பில் மாற்றப்படாத ஓரிங் இருந்தால் அதைச் சந்தேகப்படுவது நியாயம்தான்.

கண்டுபிடிக்க இரண்டு எளிய கருவிகள் போதும். பம்ப்புக்கு முன்னால் உள்ள ஹோஸின் ஒரு துண்டை எடுத்துவிட்டு, டீசலைத் தாங்கும் கண்ணாடிபோன்ற டியூபைப் பொருத்துவது ஒன்று. வாசலில் ஐடிலிங்கில் பார்த்தால் டீசல் வெளிர்மஞ்சளாக, அசைவே தெரியாமல் நிற்கும். லோடோடு ஏற்றம் ஏறி மிஸ்ஸாகத் தொடங்கியதும், ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இன்ஜினை அணைக்காமல் பானெட்டைத் திறக்க வேண்டும். டியூபுக்குள் கடுகு கடுகாகக் குமிழிகள் ஓடினால் காற்று எங்கோ நுழைகிறது.

இரண்டாவது, ஒரு கேன். சுத்தமான டீசல் நிரப்பிய கேனை இன்ஜின் சூட்டுக்குத் தள்ளி இறுகக் கட்டி, அதிலிருந்து புது ஹோஸ் வழியாக நேரே பம்ப்புக்குக் கொடுக்க வேண்டும். அதே லோடு, அதே ஏற்றம். மிஸ்ஸிங் மறைந்துவிட்டால் டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில்தான் கோளாறு; பம்ப்பும் நாசிலும் நிரபராதிகள். பிறகு சேஸிஸ் ஓரமாக விரலால் ஹோஸை வளைத்துக்கொண்டே போகலாம். நேராக இருக்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு, கிளிப்புக்கு அடியில் வளைத்தால் வாயைத் திறக்கும்.

கேன் வைத்தும் மிஸ்ஸிங் தொடர்ந்தால்தான் பம்ப்பைக் கழற்றும் பேச்சு வர வேண்டும். அந்த பம்ப் கடைக்குள் என்ன நடக்கிறது, பெங்களூருவில் 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் பெயரை இன்னும் ஏன் எல்லா மெக்கானிக்கும் சொல்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)