பால் ஐயமும் மொழிச்சான்றும்: திருநங்கையர், திருநம்பியர் அடையாள மறுப்புகள் குறித்த ஆய்வு

முன்னுரை

திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரின் பாலின அடையாளத்தை ஏற்க மறுப்போர் பெரும்பாலும் மூன்று கருத்துகளை முன்வைக்கின்றனர். இவ்வடையாளம் அண்மைக்காலத்தில் அயலிலிருந்து வந்தது என்பது முதலாவது. உடலே பாலை உறுதிசெய்யும், தன்னுணர்வு சான்றாகாது என்பது இரண்டாவது. இது மனநோய் என்பது மூன்றாவது. இவற்றைத் தமிழ் இலக்கண, இலக்கியச் சான்றுகளையும் சட்ட, மருத்துவ ஆவணங்களையும் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணச் சான்று

தொல்காப்பியர் சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் திணை, பால் பகுப்பைக் கூறியவுடன், நான்காம் நூற்பாவிலேயே ஆண்மை திரிந்து பெண்மை சுட்டும் பெயர்களை எடுத்துக்கொள்கிறார். அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணைப் பால் ஈறுகளையே பெறும் என்றும் விதிக்கிறார். பன்னிரண்டாம் நூற்பா, அப்பெயர்கள் ஆண்பாலை அறிவிக்கும் சொல்லோடு முடிதல் இல்லை என வரையறுக்கிறது. ‘பேடி’ என்னும் பெயர் பெண்பால் வினையும் பலர்பால் வினையும் கொண்டு முடிவதை உரையாசிரியர்கள் காட்டுவர்.

பவணந்தி முனிவர் நன்னூல் பெயரியலில் இதனை மேலும் விரிக்கிறார். பெண்தன்மையை விட்டு ஆண்தன்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்தன்மையை விட்டுப் பெண்தன்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் அவர் அடக்குகிறார். இங்குப் பால் வழங்குதற்குரிய அளவுகோல் ‘அவாவுதல்’ என்னும் அகநிலை வினையாக அமைந்திருப்பது கருதத்தக்கது. பிறப்புடல் எதுவாயினும் அவர் நாடும் பாலே சொல்லின் பாலாகிறது. எனவே, தன்னுணர்வைக் கணக்கிற்கொள்வது தமிழ் மரபுக்குப் புறம்பானது எனல் பொருந்தாது.

இலக்கியச் சான்றும் அதன் எல்லையும்

சிலப்பதிகாரக் கடலாடு காதை கூறும் பதினோராடல்களுள் பேடு ஒன்றாகும். அது காமன் ஆடியதாகக் குறிக்கப்படுகிறது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் புகார் நகரத்தார் பேடிக் கூத்தைக் கண்டு நிற்கும் காட்சி இடம்பெறுகிறது.

இச்சான்றுகளைப் பெருமிதத்தோடு மட்டும் நோக்குதல் முறையன்று. திருக்குறள் 614, 727 ஆகிய குறள்களில் பேடியின் கைவாள் பயனற்றதற்கு உவமையாக வருகிறது. நன்னூலும் இவ்விரு வகையினரும் அஃறிணை போன்று வழங்கப்படுதலுக்கு இடமளிக்கிறது. பண்டைய ‘பேடி’யும் இன்றைய ‘திருநங்கை’யும் முற்றும் ஒருபொருட் சொற்கள் அல்ல. ஆயினும், இத்தகையோர் இருந்தனர் என்பதும், மொழி அவர்களுக்கு இடம் வகுக்க வேண்டியிருந்தது என்பதும் ஐயமற்றவை. மரபில் இருப்பு ஏற்கப்பட்டது. மதிப்பு முழுமையாக வழங்கப்படவில்லை. முதல் மறுப்பு இவ்விரண்டையும் வேறுபடுத்தாமையால் எழுவதாகும்.

சட்டமும் மருத்துவமும்

1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம் இத்தகையோரைப் பதிவேட்டில் சேர்த்துக் கண்காணிக்க வழிசெய்தது. அயலிலிருந்து வந்தது அடையாளம் அன்று, அதனைக் குற்றமாகக் கருதிய சட்டமே என்பதற்கு இது சான்றாகும். 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டரசு அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2014இல் அதே நாளில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றதோடு, அதற்கு அறுவைச் சிகிச்சையை வற்புறுத்துதல் சட்டத்துக்குப் புறம்பானது என்றும் கூறியது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் எனத் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் பொருளெல்லை ஒருவரது வாழ்வை முடிவுசெய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் மறுப்புக்கு மருத்துவ வகைப்பாடே விடையளிக்கிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த பதினோராம் நோய் வகைப்பாட்டில், இந்நிலையை மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கிப் பாலியல் நலம் சார்ந்த பிரிவில் வைத்தது. பிறரது ஏளனத்தால் விளையும் மனத்துயரை அடையாளத்தின் இயல்பாகக் கொள்ளுதல், விளைவைக் காரணமாகக் கொள்ளும் பிழையாகும்.

முடிவுரை

பள்ளி வருகைப்பதிவேட்டிலும் மருத்துவமனைச் சீட்டிலும் வாடகை வீட்டு வாசலிலும் திருநங்கையரை ‘அவன்’ என்றோ ‘அது’ என்றோ சுட்டும் வழக்கம் இன்றும் உள்ளது. ‘அது’ என்போர்க்கு நன்னூலின் புறனடை ஒன்று துணைநிற்கலாம். எனினும் தொல்காப்பியர் அவர்களை உயர்திணையிலேயே நிறுத்தினார். ‘அவன்’ என்போர்க்கோ மரபிலக்கணத்தில் துணையில்லை. மரபின் பெயரால் மறுப்பவர் மீறுவது அம்மரபின் தலைநூல் வகுத்த விதியையே. பாடநூல் உருவாக்குவோரும் அகராதி தொகுப்போரும் இவ்விதியைக் கருத்திற்கொண்டு, ‘அலி’, ‘பேடி’ ஆகிய சொற்களின் இழிவழக்கைக் குறிப்பிட்டு, ‘திருநங்கை’, ‘திருநம்பி’ ஆகியவற்றை உரிய பால்முடிபுடன் பதிவுசெய்தல் தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.