பழித்தால் தீராது இந்த நோய்!

சென்ற வருடம் மாசி மாதம் திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணம்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்தோம். டி.வி.யில் 'பாசமலர்' ஓடிக் கொண்டிருந்தது. 1961-ல் வந்த படம். எத்தனை தடவை பார்த்தாலும் அழுகை வராமல் இருக்குமா? அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். பக்கத்து வீட்டு மாமி மூக்கை உறிஞ்சினார்.

படம் முடிந்ததும் மாமி சொன்னார்: "என்ன நடிப்புடி அம்மா! ஆனா என்ன பிரயோஜனம்? கடைசியிலே குடிச்சுக் குடிச்சே அழிஞ்சு போனா. பொம்பளையாப் பொறந்தவளுக்கு இதெல்லாம் தேவையா?"

நானும் "ஆமாம்" என்று தலையை ஆட்டி வைத்தேன். அக்காவின் மருமகள் காப்பி டம்ளர்களை எடுத்துக் கொண்டு உள்ளே போனாள். போனவள் திரும்பி வரவில்லை.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "சித்தி, நீங்க எல்லாரும் பேசினது சாவித்திரியைப் பத்தி இல்லே. என்னைப் பத்தித்தான்" என்றாள். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு ராத்திரித் தூக்கமே இல்லையாம். குழந்தை தூங்கினாலும் இவளுக்குக் கண் மூடாது. காரணம் இல்லாமல் அழுகை வரும். டாக்டர் பத்து நாளுக்கு மட்டும் தூக்க மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். பத்து நாள் இரண்டு வருஷமாகி விட்டது! பழைய சீட்டைக் காட்டிக் காட்டியே வாங்கியிருக்கிறாள். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி விட்டது. மயிலம் முருகனை வேண்டி, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு, ஒரு தடவை அடியோடு நிறுத்திப் பார்த்திருக்கிறாள். இரண்டாம் நாளே கை நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு. பயந்து போய் மறுபடி மாத்திரையை விழுங்கியிருக்கிறாள்.

"குடிக்கிறவளுக்கும் எனக்கும் என்ன சித்தி வித்தியாசம்? வெளியே தெரிஞ்சா என்னையும் இப்படித்தானே பேசுவாங்க?"

நான் மத்தியானம் தலையாட்டியதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

சாவித்திரியின் கதையை இளைய சகோதரிகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 'மிஸ்ஸியம்மா'வில் (1955) சிரிக்க வைத்தவர். 'களத்தூர் கண்ணம்மா'வில் (1960) குழந்தை கமல்ஹாசனுக்குத் தாயாக நடித்தவர். 'நவராத்திரி'யில் (1964) சிவாஜி ஒன்பது வேஷம் போட்டாரே, அத்தனைக்கும் ஈடு கொடுத்து நின்றவர். 'நடிகையர் திலகம்' என்று ஜனங்களே கொண்டாடிய பெண்மணி. பெண்கள் டைரக்டர் ஆவது அபூர்வமாக இருந்த அந்த நாளில், 1968-ல் 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்தை டைரக்ட் செய்தார். 1971-ல் 'பிராப்தம்' என்ற தமிழ்ப் படத்தைத் தாமே தயாரித்து, டைரக்ட் செய்து, நடிக்கவும் செய்தார். படம் கை கொடுக்கவில்லை. பண நஷ்டம், வருமான வரிப் பாக்கி, குடும்பத்தில் பிரிவு என்று ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. கூடவே குடியும் வந்து ஒட்டிக் கொண்டது. சர்க்கரை நோய் வேறு. 1980-ல் நினைவு இழந்தவர் 19 மாதங்கள் கண் திறக்காமல் படுத்திருந்தார். 1981 டிசம்பர் 26-ல் போய்ச் சேர்ந்தார். வயது ஐம்பதைக்கூட எட்டவில்லை.

இந்தக் கதையைக் கேட்டு "ஐயோ பாவம்" என்கிறோம், இல்லாவிட்டால் "திமிர்" என்கிறோம். "நோய்" என்று சொல்ல மட்டும் நமக்கு வாய் வருவதில்லை.

மறுவாரமே நானும் அக்காவும் அவளை அழைத்துக் கொண்டு, விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மன நலப் பிரிவில் இருந்த லேடி டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். யாரையும் கடிந்து கொள்ளவில்லை. அவர் சொன்னதை என் பாஷையில் தருகிறேன்.

சாராயமோ தூக்க மாத்திரையோ, நாள்பட்டால் மூளை அது இருப்பதற்கே தன்னைப் பழக்கிக் கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் தடுமாறிப் போகிறது. நடுக்கம், தூக்கமின்மையோடு நில்லாமல், சிலருக்கு வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே "மனசு வெச்சா நாளைக்கே விட்டுடலாம்" என்பது சரியான யோசனை அல்ல. டாக்டர் மேற்பார்வையில், அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் மாத்திரையை விட வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். பெண் உடம்பில் நீரின் பங்கு ஆணைவிடக் குறைவு. ஒரே அளவு மது குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் அது அதிகமாகச் சேரும். கல்லீரலும் சீக்கிரம் கெடும். அப்படியிருந்தும் பெண்கள் சிகிச்சைக்கு வருவது கடைசிக் கட்டத்தில்தான். "வெட்கம்மா, வெட்கம்! அதுதான் இவங்களை மறைச்சு வைக்குது" என்றார்.

வெட்கத்தை உதறியவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு. கழுத்து நரம்பு வலிக்கென்று ஆரம்பித்த மாத்திரையும், கூடவே மதுவும் அவரைப் பிடித்துக் கொண்டன. 1978-ல் கணவரும் பிள்ளைகளும் அவரைச் சுற்றி உட்கார்ந்து, தாங்கள் கண்ணால் கண்டதை அன்போடு ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். முதலில் கோபித்தார், அழுதார். பிறகு சிகிச்சைக்குப் போனார். ஊரறியச் சொல்லவும் செய்தார். 1982-ல் தம் பெயரிலேயே ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். 93 வயது வரை வாழ்ந்தார்.

அந்த நிலையத்துக்கு 1984-ல் வந்தவர் மேரி டைலர் மூர். அமெரிக்க டி.வி.யில் அவர் பெயரிலேயே தொடர் ஓடிய அளவுக்குப் பிரபலமான நடிகை. சாவித்திரியைப் போலவே இவருக்கும் சர்க்கரை நோய், குடி இரண்டும் இருந்தன. சிகிச்சைக்குப் பிறகும் நடித்தார். 2017-ல் காலமானபோது வயது 80. இரண்டு நடிகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. சாவித்திரி மறைந்த வருஷம் 1981. அந்த நிலையம் திறந்தது 1982.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1979-ல் கணவரைக் குடி நோய்க்குப் பறி கொடுத்தார். வீட்டுக்குள் அழுது கொண்டு உட்காராமல், மறு வருஷமே கணவர் டி.டி. ரங்கநாதன் பெயரில் சிகிச்சைக்கு ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதன் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் சேர்த்து ஆலோசனை தருகிறார்கள். 1992-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

சகோதரிகள் மனத்தில் வைக்க வேண்டியவை சில:

* தூக்க மாத்திரையை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டாதீர்கள். பழைய சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுத்தது நமக்கு ஆகாது.

* தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்று போகலாம்.

* கர்ப்பிணிக்கு "இவ்வளவு குடிக்கலாம்" என்று ஓர் அளவே கிடையாது. ஒரு துளியும் வேண்டாம்.

* பிரசவமாகி இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, தூக்கமின்மை, குழந்தை மேல் பிடிப்பில்லாமை இருந்தால் "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விடாதீர்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

* "சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்" என்று விற்கும் மருந்தைக் கணவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே உலை வைக்கும் மருந்துகள் உண்டு.

* தலையில் அடித்து சத்தியம் வாங்குவதால் நோய் தீராது. போதைப் பழக்கத்துக்கு 14446, மன நல ஆலோசனைக்கு 14416. கட்டணம் இல்லாத அரசாங்கத் தொலைபேசி எண்கள் இவை.

எங்கள் பெண் விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரைப் பட்டையை அக்கா பீரோவில் வைத்துப் பூட்டி, டாக்டர் எழுதித் தந்த கணக்குப்படி ராத்திரி ராத்திரி எடுத்துக் கொடுத்தாள். முழு மாத்திரை முக்காலாகி, அரையாகி, காலாக ஆறு மாதமாயிற்று. இடையில் மோசமான ராத்திரிகள் வந்தன. அப்போதெல்லாம் அவள் கணவன் குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு கூடத்தில் நடந்தான். "நீ தூங்கு" என்றானே தவிர, "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மாத்திரை நின்று இப்போது மூன்று மாதம். மஞ்சள் துணியில் முடிந்த காசை மயிலத்தில் செலுத்திவிட்டு வந்தோம்.

போன வாரம் திண்டிவனம் போனேன். டி.வி.யில் மறுபடியும் சாவித்திரி. பக்கத்து வீட்டு மாமி பழைய பல்லவியை ஆரம்பித்தார். அக்கா குறுக்கிட்டாள்.

"அது நோய் மாமி. அந்தக் காலத்திலே கூட இருந்து பார்த்துக்க ஆளில்லே, அவ்வளவுதான்."

மருமகள் காப்பி டம்ளரோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.