நாய்களில் தோல் அழற்சியும் முடி உதிர்தலும்

நாய்களில் தோல் அழற்சி என்பது தோல் சிவந்து, தடித்து, அரிப்பெடுத்து, முடி கொட்டும் நிலையைக் குறிக்கும். இது தனியொரு நோயன்று. பல நோய்களின் பொதுவான அறிகுறியாகும். விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம் நாய் போன்ற குட்டை வெண்முடி கொண்ட இனங்களில் சிவப்புத் திட்டுகள் எளிதில் புலப்படும்.

காரணங்கள்

* டெமோடெக்ஸ் சொறி: டெமோடெக்ஸ் கேனிஸ் என்னும் நுண்ணிய சிற்றுண்ணி மயிர்க்கால்களில் வாழ்கிறது. பிறந்த சில நாட்களில் பாலூட்டும் தாயிடமிருந்து குட்டிக்குச் செல்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றும்போது பெருகி முடியை உதிர்க்கிறது. மனிதருக்குப் பரவாது.
* சார்கோப்டெஸ் சொறி: இச்சிற்றுண்ணி தோலைத் துளைத்து வாழ்கிறது. கடும் அரிப்பு உண்டாகும். பிற நாய்களுக்கு எளிதில் தொற்றும். மனிதருக்கும் தற்காலிக அரிப்பைத் தரும்.
* படர்தாமரை: பூஞ்சையால் வட்டமாக முடி உதிரும். மனிதருக்கும் தொற்றும்.
* ஒவ்வாமை: தெள்ளுப்பூச்சிக் கடி, உணவு, தூசு ஆகியவற்றால் ஏற்படும்.
* தைராய்டு சுரப்புக் குறைவு: பெரும்பாலும் அரிப்பின்றி உடலின் இருபுறமும் முடி உதிரும்.

நோயறிதல்

தோலைச் சுரண்டி எடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்ப்பது முதற்படியாகும். இது இன்றியமையாதது. ஏனெனில் ஒவ்வாமை அரிப்பைத் தணிக்கும் பிரெட்னிசோலோன் போன்ற இசுட்டீராய்டு மருந்துகள் எதிர்ப்பாற்றலைக் குறைத்து, டெமோடெக்ஸ் சொறியை உடலெங்கும் பரவச் செய்யக்கூடும். மருந்திட்ட சில நாட்கள் அரிப்பு குறைவதால் நோய் நீங்கியதாகத் தவறாக எண்ண இடமுண்டு.

மருத்துவம்

குட்டிகளில் ஓரிரு திட்டுகளாகத் தோன்றும் டெமோடெக்ஸ் சொறி பெரும்பாலும் தானே ஆறிவிடும். உடலெங்கும் பரவியதற்கு முன்னர் அமிட்ராஸ் கரைசலும் ஐவர்மெக்டினும் மிகுதியாகப் பயன்பட்டன. 2013க்குப் பின் அஃபாக்சோலேனர், ஃபுளூராலேனர் முதலிய மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தன. வலிப்பு வந்த நாய்களுக்கு இவற்றைத் தருவதில் எச்சரிக்கை தேவை. மரபணு மாற்றம் கொண்ட கோலி வகை நாய்களுக்கு ஐவர்மெக்டின் மிகுந்தால் உயிருக்கே ஆபத்தாகும். புண்ணில் பாக்டீரியத் தொற்று இருப்பின் அதற்கும் மருத்துவம் தேவை.

முடி வளர்ந்ததும் மருந்தை நிறுத்தலாகாது. ஒரு மாத இடைவெளியில் செய்த இரு சோதனைகளிலும் சிற்றுண்ணி காணப்படாதபோதே டெமோடெக்ஸ் சொறி நீங்கியதாகக் கொள்வர்.

தவிர்க்க வேண்டியவை

கழிவு எஞ்சின் எண்ணெயைப் பூசுவது தீங்கானது. நாய் அதை நக்கினால் நஞ்சேறும், தோலும் எரிச்சலடையும். மேலும், பரவிய டெமோடெக்ஸ் சொறிக்கு ஆளாகும் தன்மை மரபுவழி வரக்கூடியது. ஆகவே அத்தகைய நாய்களை இனப்பெருக்கத்தில் ஈடுபடுத்தாமை நன்று. எண்ணிக்கையில் குறைந்த உள்நாட்டு இனங்களைப் பேணுவோர் இதைச் சிறப்பாகக் கருத்திற்கொள்ள வேண்டும்.