சமையலறையிலிருந்து பீரங்கி வரை!

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போயிருக்கிறீர்களா? வெலிங்டனைத் தாண்டியதும் வருகிற சின்ன ஸ்டேஷன் அருவங்காடு. ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் யூகலிப்டஸ் மரங்கள், நடுவே ஓட்டு வீடுகள். பார்க்கிறவர்கள் 'அப்பா, எத்தனை அமைதி!' என்று பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அந்த அமைதிக்கு நடுவில் நூற்றிருபது வருஷமாக வெடிமருந்து தயாராகிக்கொண்டிருக்கிறது. கார்டைட் தொழிற்சாலை என்று பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் ஆரம்பித்தது. குளிர்ந்த சீதோஷ்ணம் வெடிமருந்துக்கு நல்லது. பக்கத்திலேயே காட்டேரி அருவி. அந்தத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கொடுத்தார்கள். 2021 முதல் 'மியூனிஷன்ஸ் இந்தியா' என்ற அரசாங்கக் கம்பெனியின் கீழ் இருக்கிறது.

வெடிமருந்துக்கும் மாதர் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? கார்டைட் எதனால் ஆனது என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள். பஞ்சு, கிளிசரின், வாஸ்லின்! மூன்றும் நம் வீட்டில் இருக்கிற சாமான்கள். முதல் இரண்டையும் அமிலங்களில் பக்குவப்படுத்தி விஷயத்தையே மாற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கதையே ஒரு சமையலறையில்தான் தொடங்கியது என்று சொல்வார்கள். ஸ்விட்சர்லாந்தில் பேசல் நகரத்தில் ஷோன்பைன் என்று ஒரு ரசாயனப் பேராசிரியர். வீட்டுச் சமையலறையில் சோதனை செய்யக்கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். (எந்த ஊராக இருந்தால் என்ன, கணவன்மார் ஒரே மாதிரிதான்!) 1845-ம் வருஷம் அந்த அம்மாள் வெளியே போன சமயம் பார்த்து மனிதர் வேலையை ஆரம்பித்தார். அமிலம் மேஜையில் கொட்டிவிட்டது. கைக்குக் கிடைத்தது மனைவியின் பருத்தி ஏப்ரன். அவசரமாகத் துடைத்து, மனைவி வருவதற்குள் உலர்ந்துவிடட்டும் என்று அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார். உலர்ந்ததும் 'பக்'கென்று ஒரு ஜ்வாலை. ஏப்ரன் இருந்த இடத்தில் ஏப்ரன் இல்லை! புகைகூட இல்லை. கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கைச்சரக்கு என்பது வேறு விஷயம். 1846-ல் 'வெடிபஞ்சு' என்ற பொருளை அவர் உலகத்துக்கு அறிவித்தது சரித்திரம்.

அதுவரை துப்பாக்கிக்குக் கறுப்பு மருந்துதான். ஒரு தடவை சுட்டால் புகை மூட்டம். எதிரி எங்கே, நம் ஆள் எங்கே என்று தெரியாது. புகையில்லாத மருந்து வேண்டும் என்று எல்லா தேசங்களும் தேடின. 1889-ல் இங்கிலாந்தில் ஏபெல், டூவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் சேர்த்து, அசிடோன் ஊற்றி மாவு மாதிரி பிசைந்து, சின்னத் துவாரங்கள் உள்ள அச்சில் போட்டு அழுத்தினார்கள். நூல் நூலாக வந்தது. நாம் இடியாப்பம் பிழிவதைப் போலவேதான்! கயிறு என்பதற்கு ஆங்கிலத்தில் 'கார்ட்', அதிலிருந்து கார்டைட்.

இந்த டூவர் யார் தெரியுமா? காப்பி சூடு ஆறாமல் பாதுகாக்கிறோமே, அந்த ஃபிளாஸ்க்கைக் கண்டுபிடித்த மகானுபாவர் இவரேதான். 1892-ல் தம்முடைய ஆராய்ச்சிக்காக, நடுவே காற்றில்லாத இரட்டைச் சுவர்க் கண்ணாடிப் பாத்திரம் செய்தார். அவர் அதற்குப் பேடன்ட் வாங்கி வைக்கவில்லை. ஜெர்மனியில் ஒரு கம்பெனி 1904-ல் 'தெர்மாஸ்' என்று பெயர் வைத்து வியாபாரம் ஆக்கிவிட்டது. டூவருக்குக் காலணா கிடையாது.

வாஸ்லின் எதற்கு? துப்பாக்கிக் குழாய்க்குள் வழவழப்பாக இருக்கட்டும் என்றுதான் முதலில் சேர்த்தார்கள். அந்தக் காரியத்துக்கு அது அவ்வளவாக உதவவில்லை. ஆனால், மருந்து தானாகவே கெட்டுச் சூடேறி வெடித்துவிடாமல் அது தடுக்கிறது என்பது பிறகுதான் தெரிய வந்தது. சமையலில்கூட இப்படித்தானே, ஒன்றுக்காகப் போட்டது இன்னொன்றுக்கு உதவும்.

சாத்தான் கஞ்சி

முதல் உலக யுத்தத்தில் ஆண்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட, பிரிட்டனில் கார்டைட் பிசைந்தவர்கள் பெண்கள். ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னா என்ற இடத்தில் இருந்த பிரம்மாண்டமான தொழிற்சாலையில் 1917-ல் 11,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை பார்த்தார்கள். வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் கையாலேயே பிசைய வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் எழுதிய கானன் டாயில் 1916-ல் போய்ப் பார்த்துவிட்டு, அந்தக் கலவைக்குச் 'சாத்தான் கஞ்சி' என்று பெயர் வைத்தார். வாசலில் சோதனை பலம்: தீப்பெட்டி கூடாது, கொண்டை ஊசி கூடாது. ஒரு சின்ன உலோக ஊசி உரசினால் போதும், அத்தனை பேரும் காலி.

அசிடோனுக்கும் தட்டுப்பாடு வந்தது. வைஸ்மன் என்ற விஞ்ஞானி மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து அசிடோன் எடுக்க வழி சொன்னார். சோளத்துக்கும் பஞ்சம் வந்தபோது 1917-ல் பிரிட்டிஷ் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், மரத்தடியில் விழுகிற குதிரைச் செஸ்நட் கொட்டைகளைப் பொறுக்கி வரச் சொன்னார்கள். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை, ராணுவ ரகசியம்! பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து குவித்தார்கள். கணிசமான பங்கு ரயில் நிலையங்களிலேயே அழுகிப் போயிற்று. (அதே வைஸ்மன் 1949-ல் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி ஆனார்.)

ஊட்டி கிளப்பும் சூடமும்

அருவங்காட்டிலிருந்து மேலே ஏறினால் ஊட்டி. ஸ்நூக்கர் என்ற மேஜை விளையாட்டை இப்போது டி.வி.யில் பார்க்கிறோம் அல்லவா? அதற்கு விதிகள் எழுதி மாட்டிய இடம் ஊட்டி கிளப்தான். 1875-ல் ஜபல்பூரில் மழைக்காலத்தில் பொழுது போகாத ராணுவ அதிகாரிகள் ஆடிப் பார்த்த ஆட்டம். நெவில் சேம்பர்லின் என்பவர் ஆரம்பித்தது. (பிற்பாடு பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர் வேறு சேம்பர்லின்.) ஒரு பந்தைச் சரியாக அடிக்கத் தெரியாத நண்பரைப் பார்த்து 'ஸ்நூக்கர்' என்றாராம். ராணுவப் பள்ளியில் முதல் வருஷப் பையனுக்கு அது பட்டப்பெயர். கேலி, ஆட்டத்தின் பெயராக நின்றுவிட்டது.

அந்தக் காலத்துப் பந்துகள் யானைத் தந்தத்தில் கடைந்தவை. ஒரு தந்தத்தில் சில பந்துகள்தான் தேறும். நாலு பேர் சாயங்காலம் ஆடுவதற்காக யானைகள் செத்தன. தந்தத்தின் விலை ஏறியதும் அமெரிக்காவில் ஒரு பந்துக் கம்பெனி, மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்குப் 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. ஹையட் என்ற அச்சுத் தொழிலாளி களத்தில் இறங்கினார். அவர் எடுத்துக்கொண்டது எது? நம்முடைய வெடிபஞ்சின் தங்கைதான், கொஞ்சம் சாதுவான ரகம். அதோடு சூடத்தைச் சேர்த்துச் சூடேற்றி அழுத்தினார். ஆமாம், கோயிலில் கொளுத்துகிற சூடமேதான்! 1870 வாக்கில் செல்லுலாய்ட் பிறந்தது.

ஆரம்பத்துப் பந்துகள் ஒன்றோடொன்று மோதும்போது சில சமயம் 'டப்'பென்று கேப் வெடிக்கிற மாதிரி சப்தம் வருமாம். கொலராடோவிலிருந்து ஒரு மதுக்கடைக்காரர் ஹையட்டுக்குக் கடிதம் எழுதினாராம்: 'எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் பந்து சப்தம் போட்டதும் அறையில் இருக்கிற அத்தனை பேரும் துப்பாக்கியை உருவிவிடுகிறார்கள்!'

செல்லுலாய்ட் பொம்மை, சீப்பு, வளையல், மூக்குக் கண்ணாடி ஃபிரேம் எல்லாம் நம் பாட்டிமார் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தவை. அழகுதான், அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் ஆபத்து. மேஜைப் பந்துகூட வெகு காலம் செல்லுலாய்ட்தான். 2014-ல்தான் சர்வதேச சம்மேளனம் வேறு பிளாஸ்டிக் பந்துக்கு மாறியது.

இதில் எனக்கு மனசு கஷ்டப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து சினிமாப் படச்சுருள்களும் இதே வகைப் பொருளில் செய்தவைதான். எளிதில் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டாலும் வருஷம் போகப் போகப் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' இரண்டுக்கும் இன்றைக்கு ஒரு பிரதி கிடையாது. டி.பி. ராஜலட்சுமி பேசி, பாடி, ஆடியதை இனி யாரும் பார்க்க முடியாது. 2003 ஜனவரியில் புனேயில் நடந்த தீ விபத்திலும் பழைய சுருள்கள் ஏராளமாகப் போயின.

இன்றைக்கு இந்தப் பொருள் நம் வீட்டில் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் நகப்பூச்சுப் பாட்டிலில்! காய்ந்ததும் நகத்தின்மேல் பளபளவென்று நிற்கிற படலம் அநேகமாக நைட்ரோசெல்லுலோஸ்தான். அழிக்கிற திரவம் பெரும்பாலும் அசிடோன். பயப்பட வேண்டாம், பாட்டில் வெடிக்காது. ஆனால் இரண்டின் ஆவியும் சுலபமாகத் தீப்பற்றும். அதனால் எரிகிற காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நகப்பூச்சு போடுவதோ அழிப்பதோ வேண்டாம். பூஜை விளக்குக்குப் பக்கத்திலும் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரமான பஞ்சை அடுப்படிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள்.

வெடிமருந்து வைத்தியம்

கடைசியாக, எல்லாவற்றிலும் விசேஷமான சமாசாரம். நைட்ரோகிளிசரின் வேலை செய்த தொழிற்சாலைகளில் தொழிலாளிகளுக்குத் திங்கட்கிழமையானால் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். ஞாயிறு லீவில் பழக்கம் விட்டுப்போய்த் திங்களன்று மறுபடி வலி. இதற்குப் பயந்து சிலர் லீவு நாளிலும் தொப்பிப் பட்டையில் கொஞ்சம் தடவிக்கொண்டு போவார்களாம்! இதற்கு நேர்மாறாக, நெஞ்சுவலிக்காரர்களுக்கு வேலை நாட்களில் சுகம், லீவு நாளில் வலி. காரணம், அந்த மருந்து ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. தலைக்குப் போகும் குழாய் விரிந்தால் தலைவலி. இதயத்தின் பாரம் குறைந்தால் நெஞ்சுவலி தணியும்.

1879-ல் லண்டன் டாக்டர் முரெல் தாமே கொஞ்சம் உட்கொண்டு பார்த்துவிட்டு, நெஞ்சுவலிக்கு இதைக் கொடுக்கலாம் என்று எழுதினார். டைனமைட்டைக் கண்டுபிடித்துக் கோடீசுவரரான ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் டாக்டர்கள் இதைச் சிபாரிசு செய்தார்கள். விதியின் விளையாட்டைப் பாருங்கள் என்று 1896-ல் அவரே நண்பருக்கு எழுதினார். அதே வருஷம் டிசம்பரில் இறந்தார். மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது நூறு வருஷம் மர்மமாக இருந்தது. உடம்புக்குள் போனதும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. அதுதான் குழாய்களைத் தளர்த்துகிறது. ரத்தக் குழாய்களுக்கு இந்த வாயு கொடுக்கும் சமிக்ஞையைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூவருக்கு 1998-ல் பரிசு கிடைத்தது. என்ன பரிசு? நோபல் பரிசுதான்!

வீட்டில் மாமனாருக்கோ அம்மாவுக்கோ நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? மாத்திரையில் இருப்பது வெடிக்கும் என்று பயமுறுத்தி வைக்காதீர்கள்; அந்த அளவில் அது வெறும் மருந்துதான். நின்றுகொண்டு போட்டுக்கொள்ள விடாதீர்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழக்கூடும், உட்கார வையுங்கள். மாத்திரையை விழுங்கக் கூடாது. வேறு மருந்துகள், முக்கியமாக ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை, சாப்பிடுகிறாரா என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு மாத்திரை வைத்து ஐந்து நிமிஷத்தில் வலி தணியாவிட்டால் 'வாயுவாக இருக்கும், ஓமத் தண்ணி குடிங்க' என்று காத்திருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு நெஞ்சுவலிக்குப் பதிலாக மூச்சிரைப்பு, தாடை வலி, முதுகு வலி, குமட்டல் என்றுகூட மாரடைப்பு வரும். 'அடுப்படி வேலை, அசதி' என்று தள்ளிப்போடுகிறவர்கள் நாம்தானே!

நைட்ரோகிளிசரின் மாத்திரையை அது வந்த கண்ணாடி பாட்டிலிலேயே, வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் இறுக மூடி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்ற வேண்டாம். மருந்து ஆவியாகிப் போய், அவசரத்துக்கு வெறும் மாத்திரைதான் மிஞ்சும். உடைகிறதே என்று பாட்டிலுக்குள் பஞ்சு அடைத்து வைப்பவர்கள் உண்டு. அதுவும் வேண்டாம், மருந்தைப் பஞ்சு உறிஞ்சிவிடும்.