எழுத்து நிலைக்கும் தாள்

ஆல்கஹாலில் இட்டுப் பாதுகாக்கப்படும் மீன், வண்டு முதலிய மாதிரிகளின் குப்பிக்குள், எடுத்த இடமும் தேதியும் குறித்த சீட்டு ஒன்றையும் இடுவது வழக்கம். லேசர் அச்சுப்பொறியில் அச்சிட்ட சீட்டுகள் தெளிவும் அழகும் உடையனவாக இருந்தமையால், பல நாடுகளின் காட்சிசாலைகளில் அவை கையாளப்பட்டன. சில ஆண்டுகளுக்குப் பின் பார்க்கையில், பல குப்பிகளில் சீட்டு வெறுந்தாளாகவும், எழுத்துகள் கரித்துணுக்குகளாக அடியிலும் கிடந்தன. எங்கே, எப்போது கிடைத்தது என்று தெரியாத மாதிரி ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் உதவாது.

இதன் காரணம் அச்சிடும் முறையிலேயே இருக்கிறது. லேசர் அச்சுப்பொறி மையைப் பயன்படுத்துவதில்லை. அதிலுள்ள டோனர், நிறமூட்டிய பிளாஸ்டிக் தூளாகும். மின்னூட்டம் பெற்ற உருளைமீது லேசர் ஒளி எழுத்தின் வடிவை வரைய, தூள் அவ்வடிவில் ஒட்டி, பின்னர்த் தாளுக்கு இழுக்கப்படுகிறது. இறுதியில் ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள உருளைகளுக்கிடையே தாள் அழுத்தப்படும்போது தூள் உருகித் தாளின்மேல் படிகிறது. மை தாளுக்குள் ஊறும். டோனரோ மேலே படிந்து நிற்பதேயாகும். இம்முறையின் அடிப்படையை 1938 அக்டோபர் 22இல் செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர் நியூயார்க் நகரின் அஸ்டோரியாப் பகுதியில் செய்து காட்டினார். அன்று பிரதி பதிந்தது சாதாரணத் தாளில் அன்று, மெழுகுத் தாளில் என்பது ஒரு சுவையான செய்தி. 1971இல் கேரி ஸ்டார்க்வெதர் இதனுடன் லேசர் ஒளியை இணைத்து, ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் அச்சுப்பொறியை உருவாக்கினார்.

ஆகவே தாள் இரண்டு சோதனைகளில் தேற வேண்டும். ஒன்று, வெப்பத்தைத் தாங்குதல். மற்றொன்று, மின்னூட்டத்தைத் தக்கவாறு ஏற்றல்.

முதற் சோதனையில் பெரிதும் தவறுவன பிளாஸ்டிக் தகடுகள். இங்க்ஜெட் அச்சுப்பொறிக்கென்று விற்கப்படும் ஒளிபுகு தகடு லேசர் பொறியினுள் உருகி, வெப்ப உருளையைச் சுற்றிக்கொள்ளக்கூடும். பின்னர் மாற்ற வேண்டியது தகட்டை மட்டுமன்று. களப்பணியாளருக்கு மழையிலும் கிழியாத பாலியெஸ்டர் தாள் வரைபடங்களுக்கு மிகவும் ஏற்றது. ஆயினும் உறையில் ‘லேசர்’ எனக் குறிக்கப்பட்டதையே வாங்க வேண்டும். பளபளப்பான புகைப்படத் தாளுக்கும் இவ்விதி பொருந்தும்.

ஒட்டுச் சீட்டுத் தாள்களில் ஆபத்து பசையிலுள்ளது. சில சீட்டுகளை உரித்து எடுத்துவிட்டு எஞ்சிய தாளை மீண்டும் பொறியில் இடுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் உரித்த இடத்தின் ஓரங்களில் வெளிப்பட்ட பசை, வெப்பத்தில் இளகி உருளைகளில் ஒட்டிக்கொள்ளும். மற்றச் சீட்டுகளும் உள்ளேயே உரியலாம். எனவே ஒரு தாளின் சீட்டுகள் அனைத்தையும் ஒரே தடவையில் அச்சிடுவதே முறை. உலோகக் கொளுவியோ பிளாஸ்டிக் சாளரமோ உள்ள தபால் உறைகளைத் தவிர்ப்பது நலம்.

தாளின் கனம் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிக்கப்படும். அலுவலகத்தில் வழங்கும் 80 கிராம் தாளில் ஏ4 அளவு ஏடு ஒன்றின் எடை சுமார் 5 கிராம். 160 கிராம் அட்டை வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சுவதால் டோனர் சரிவர உருகாது. விரலால் தேய்த்தால் எழுத்து உதிரும். பள்ளிகளில் அச்சிடும் அடையாள அட்டைகளில் இக்குறையைக் காணலாம். கணிப்பொறியின் அச்சு அமைப்பில் ‘கனத்த தாள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், பொறி மெதுவாக ஓடியோ வெப்பத்தைக் கூட்டியோ இதைச் சரிசெய்யும். பின்புறக் கதவு உள்ள பொறிகளில் அதைத் திறந்துவிட்டால் அட்டை வளையாமல் நேரே வெளிவரும்.

இரண்டாம் சோதனையில் தாளைக் கெடுப்பது ஈரம். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தாளில் மின்னூட்டம் கசிவதால் எழுத்து வெளிறும்; தாள் சுருண்டு சிக்கும். கட்டினை அதன் உறையிலேயே, தரையில் படாமல் வைத்து, வேண்டிய அளவே எடுக்க வேண்டும். குளிரூட்டிய அறைக்கும் வெளிக்கும் மாற்றும்போது, உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் விட்டுவைத்தல் வேண்டும்.

அச்சிட்ட பின்னும் கவனம் தேவை. மென்மையான பி.வி.சி. உறையில் நெடுநாள் வைத்த சான்றிதழின் எழுத்துகள் உறையில் ஒட்டிக்கொள்வதுண்டு. பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை இவ்வாறு செய்யாது.

ஆல்கஹால் குப்பிக்குள் இடும் சீட்டுக்கோ, பருத்தி நார்த் தாளில் பென்சிலால் எழுதுவது இன்றும் நம்பத்தக்க வழியாக உள்ளது. லேசர் அச்சை வெளிப்புறச் சீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆல்கஹால் சிந்தாதவரை அது நிற்கும்.