குளத்தோடு வீடு, முதலையோடு குளம்

2018 மே மாதம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு குட்டி வீடியோ பலரைத் திடுக்கிட வைத்தது. மெம்பிஸ் நகருக்குக் கிழக்கே, வுல்ஃப் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தில் ஓர் அலிகேட்டர் முதலை. யாரோ செல்லமாக வளர்த்து, கட்டுப்படியாகாமல் கொண்டுவந்து விட்டதாக இருக்கும் என்று தள்ளிவிட முடியவில்லை. தெற்கேயுள்ள மாநிலங்களிலிருந்து அலிகேட்டர்கள் தாமாகவே மேலேறி வருகின்றன என்று வனவிலங்கு அலுவலர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அலிகேட்டர் குளிர் தாங்காது என்பது பொதுவான எண்ணம். அதே 2018-ன் ஜனவரியில் வட கரோலினாவின் ஓஷன் ஐல் பீச் ஊரில், ஒரு சதுப்புப் பூங்காவில் பராமரிக்கப்படும் முதலைகள் அந்த எண்ணத்தை உடைத்துக் காட்டின. தண்ணீர் உறையத் தொடங்கியதும் மூக்கு நுனியை மட்டும் பனிக்கட்டிக்கு மேலே நீட்டியபடி அசையாமல் கிடந்தன. பனி உருகியது, மறுபடி நீந்தின. வெயில் குறையக் குறைய இவை இரை எடுப்பதை நிறுத்திவிடும். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட உறக்கம்தான். மூச்சுக்கு ஒரு துவாரம் கிடைத்தால் போதும்.

இப்படிப்பட்ட பிராணியின் எல்லை இன்று வட கரோலினாவின் வடகிழக்கு மூலையில் தொடங்கி, ஃபுளோரிடாவைச் சுற்றி, டெக்சாஸ் வரை நீள்கிறது. உள்நாட்டில் ஆர்கன்சாவின் தென்பகுதியிலும் ஓக்லஹோமாவின் தென்கிழக்கு ஓரத்திலும் உண்டு. ஆர்கன்சாவுக்கு இவை நடந்து மட்டும் வந்து சேரவில்லை. 1970-களில் லூசியானாவிலிருந்து பிடித்துவந்து அரசே ஆங்காங்கே விட்டது.

அரை நூற்றாண்டுக்கு முன்னால் நிலைமை தலைகீழ். தோலுக்காகச் சுட்டுத் தள்ளியதில், 1967-ல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் அலிகேட்டர் இடம்பிடித்தது. வேட்டைக்குத் தடை, தோல் வியாபாரத்துக்குக் கடிவாளம். 1987-ல் 'முழுதாக மீண்டுவிட்டது' என்று அறிவித்தார்கள். இருபதே வருடங்கள்! இன்று ஃபுளோரிடாவில் மட்டும் ஏறத்தாழ 13 லட்சம் அலிகேட்டர்கள். அந்த மாநிலத்தின் 67 மாவட்டங்களில் அவை இல்லாத மாவட்டம் ஒன்றுகூடக் கிடையாது. லூசியானாவின் சதுப்புகளில் 20 லட்சம் அளவுக்கு இருப்பதாகக் கணிக்கிறார்கள். அங்கே நில உரிமையாளர்கள் முதலை முட்டைகளைப் பண்ணைகளுக்கு விற்கிறார்கள். பொரித்து வளர்த்த குட்டிகளில் ஒரு பங்கைப் பண்ணைக்காரர்கள் திரும்பக் கொண்டுவந்து சதுப்பில் விட வேண்டும் என்பது விதி. முட்டைக்கு விலை இருப்பதால் சதுப்பைத் தூர்க்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இதுவரை சொன்னது வெற்றிக்கதை. வடக்கே டென்னசியில் ஒன்றிரண்டு தலை காட்டுவது செய்திக்குச் சுவை. சிக்கல் தெற்கே, வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

1950-ல் ஃபுளோரிடாவின் மக்கள்தொகை சுமார் 28 லட்சம். 2020 கணக்கெடுப்பில் 2 கோடியே 15 லட்சம். எழுபது ஆண்டுகளில் ஏழு மடங்குக்கும் மேல். வந்தவர்கள் குடியேறியதெல்லாம் மேட்டு நிலத்தில் அல்ல. சதுப்பை வடித்து, பள்ளத்தை நிரப்பி, ஏரிக்கரைகளை அடுக்கடுக்காக மனை போட்டு விற்றார்கள். எல்லையை விரித்துக்கொண்டே போனது மனிதர்கள்தான்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு காலி நிலத்தில் ஐந்நூறு வீடும் தார்ச்சாலையும் வந்துவிட்டால் மழைநீர் மண்ணில் இறங்க இடம் இருக்காது. எனவே, புதுக் குடியிருப்பு கட்டுகிறவர்கள் அந்த நீரைத் தேக்க வழிசெய்தாக வேண்டும் என்று 1980-களிலிருந்து சட்டம் சொல்கிறது. குளம் வெட்டுகிறார்கள். வெட்டிய மண் மனைகளை மேடாக்கப் பயன்படுகிறது. குளத்தைப் பார்த்த வீட்டுக்கு விலையும் கூடுகிறது. கட்டுகிறவருக்கு ஒரே கல்லில் மூன்று மாங்காய். இப்படி வெட்டப்பட்ட மழைநீர்க் குளங்கள் ஃபுளோரிடாவில் 70,000-க்கும் அதிகம். தெற்குக் கரோலினாவின் கடலோரத்திலும் இவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அலிகேட்டருக்கு வேறென்ன வேண்டும்? வருடம் முழுக்கத் தண்ணீர், மீன், ஆமை, வாத்து, வெயில் காயச் சரிவான புல் கரை. ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குப் போக வடிகால் குழாய்கள். இளம் ஆண் முதலையைப் பெரிய ஆண் விரட்டிவிட்டால் அது புது இடம் தேடி நடக்கும். வசந்த கால இரவுகளில் சாலையைக் கடப்பவையும், கார் நிறுத்துமிடத்தில் படுத்திருப்பவையும் பெரும்பாலும் இப்படி வீடு தேடுகிறவைதான். புதிதாக வெட்டிய குளம் அடுத்த தெருவிலேயே காத்திருக்கிறது.

குளக்கரை வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் கவலை கூடுகிறது. கணிசமானவர்கள் ஓய்வுபெற்றவர்கள். நியூயார்க், ஒஹாயோ, மிச்சிகன் என்று வடக்கின் குளிரிலிருந்து தப்பித்து, மிச்ச காலத்தை வெயிலில் கழிக்க வந்தவர்கள். பிறந்தது முதல் அலிகேட்டரைப் பக்கத்தில் பார்த்திராதவர்கள். துணைக்கு ஒரு சின்ன நாய். அதைக் காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போகக் கூடத்திலிருந்து பத்தடியில் குளக்கரை.

அந்த நாய்தான் இந்தக் கதையின் ஆபத்தான முடிச்சு. 2018-ல் தெற்குக் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவில் நீர்நிலை ஓரமாக நாயோடு நடந்த பெண்ணை அலிகேட்டர் இழுத்துப்போனது. 2023 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் நகரில், முதியோர் குடியிருப்பு ஒன்றில், எண்பது வயதைக் கடந்த ஒரு பெண் அதே விதமாக உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூலையில் மறுபடி ஹில்டன் ஹெட். மறுபடி நாயோடு நடந்த ஒரு மூதாட்டி. மூன்று சம்பவங்களிலும் ஆள் தண்ணீருக்குள் இறங்கவில்லை. கரையில் நடந்தார்கள். முதலையின் கண்ணுக்கு நாய் அதன் வழக்கமான இரையின் அளவு. கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் விட மனமில்லாமல் இழுக்கிறார். அதற்குள் எல்லாம் நடந்துவிடுகிறது.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் இது அபூர்வம்தான். 1948 முதல் 2022 வரை ஃபுளோரிடாவில், சீண்டாமலேயே அலிகேட்டர் கடித்த சம்பவங்கள் சுமார் 450. அவற்றில் உயிரிழப்பு 26. சாலை விபத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை என்று வனவிலங்கு ஆர்வலர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த ஒப்பீடு, குளக்கரையில் தினம் இரண்டு வேளை நடக்கிற முதியவருக்கு உதவாது. அபாயம் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

இங்கே தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. டாம்பா, ஆர்லாண்டோ, ஜாக்சன்வில், ஹூஸ்டன் என்று நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊர்கள் பலவும் அலிகேட்டர் வாழும் பகுதிக்குள் வருபவை. பேரக்குழந்தையைப் பார்க்க ஆறு மாத விசாவில் போகும் அப்பா அம்மாவுக்குப் பகலில் பெரிய பொழுதுபோக்கு, குடியிருப்பைச் சுற்றி நடப்பதுதான். விடிவதற்கு முன் எழுந்து பழகியவர்கள் வேறு. அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரைதான் அலிகேட்டர் மும்முரமாக இரை தேடும் நேரம் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லிவைக்க வேண்டும்.

கூடவே இன்னொன்று. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்த கை நம்முடையது. நீர் கண்ட இடத்தில் மீதிச் சோற்றையோ ரொட்டித் துண்டையோ போடத் தோன்றும். அந்தக் குளங்களில் அது வினை. வாத்துக்கும் மீனுக்கும் போட்ட தீனி அவற்றைக் கரைக்கு இழுக்கும். அவற்றைத் தேடி முதலையும் கரைக்கு வரும். மனிதன் வந்தால் சாப்பாடு வரும் என்று அது கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகாது. இயல்பில் ஆளைக் கண்டால் நழுவிப் போகும் பிராணி, தீனி கண்டுவிட்டால் ஆளை நோக்கி நீந்தி வரும். ஃபுளோரிடாவில் அலிகேட்டருக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். ஆனாலும் கோழித் துண்டை வீசிப் படம் எடுப்பவர்கள் குறைந்தபாடில்லை.

தீனி போட்டவர் படத்தைப் பகிர்ந்துவிட்டுப் போய்விடுவார். தண்டனை முதலைக்கு. நான்கு அடிக்கு மேல் வளர்ந்து, மனிதருக்கோ வளர்ப்புப் பிராணிக்கோ ஆபத்து என்று புகார் வந்தால், அரசு அனுமதி பெற்ற பிடிகாரர் வருவார். 1978 முதல் நடைமுறையிலுள்ள ஏற்பாடு இது. பிடித்ததைக் காட்டில் விட்டுவிடுவார்கள் என்று புகார் தந்தவர் நினைத்துக்கொள்வார். அப்படி விட்டால் பல மைல் தாண்டியும் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும்; வரும் வழியில் வேறு முதலைகளோடும் மனிதர்களோடும் மோதும். அதனால் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகிறார்கள். பிடிகாரருக்கு அரசு தருவது சொற்பத் தொகை. தோலையும் இறைச்சியையும் விற்றுத்தான் வருமானம். ஃபுளோரிடாவில் மட்டும் இப்படி அப்புறப்படுத்தப்படுபவை சில ஆண்டுகளில் 8,000-ஐத் தாண்டுகின்றன.

சூழலியலாளர் சிலர் இந்தப் பரவலை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். கடற்கரையிலும் உப்பு நீரிலும் அலிகேட்டர் தென்படுவது புதிய படையெடுப்பல்ல, வேட்டையில் இழந்த பழைய இடங்களுக்கு அது திரும்பி வருவதே என்கிறார்கள். உப்பை வெளியேற்றும் சுரப்பி அதற்குச் சரியாக இல்லாவிட்டாலும், நண்டும் திருக்கை மீனும் தேடிக் கடலோரம் போய், நல்ல தண்ணீர் குடிக்கத் திரும்பிவிடும். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் அது தோண்டும் பள்ளங்கள் வறண்ட பருவத்தில் மீன்களுக்கும் பறவைகளுக்கும் தண்ணீர் காக்கின்றன. நியாயம்தான். ஆனால் எவர்கிளேட்ஸ் வேறு, அறுபது வீடுகளுக்கு நடுவே வெட்டிய ஒரு ஏக்கர் குளம் வேறு.

அந்தக் குளங்களில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. தண்ணீர் விளிம்பு வரை புல்தரை வெட்டிப் பளபளப்பாக வைத்தால் முதலைக்கும் மனிதருக்கும் நடுவே எதுவும் இருக்காது. கரையோரம் உயரமான நாணலும் கோரையும் வளரவிட்டால், மனிதரும் நாயும் விளிம்புக்குப் போவது குறையும். நடைபாதையைத் தண்ணீரிலிருந்து தள்ளிப் போடலாம். டெக்சாஸில் ஹூஸ்டனுக்குத் தெற்கே உள்ள பிராசோஸ் பெண்ட் பூங்காவில் நூற்றுக்கணக்கான அலிகேட்டர்களுக்கு நடுவே மக்கள் நடக்கிறார்கள். முப்பது அடி தள்ளியே நிற்க வேண்டும் என்பது அங்கே வாசலிலேயே சொல்லப்படும் விதி. குடியிருப்புகளில் அந்த வாசல் எது? வீடு விற்கும்போது குளத்தின் அழகைப் பற்றி நாலு பக்கம் அச்சிடுகிறவர்கள், அதில் குடியிருப்பது யார் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன?

இந்தக் கேள்வியை இனி வடக்கேதான் அதிகம் கேட்க வேண்டியிருக்கும். பனிக்கட்டிக்கு மேல் மூக்கை நீட்டிய முதலைகள் இருக்கும் பிரன்ஸ்விக் மாவட்டம், வட கரோலினாவிலேயே மிக வேகமாக மக்கள் குடியேறிவரும் மாவட்டங்களில் ஒன்று. வருபவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். அங்கும் குடியிருப்புக்குக் குடியிருப்பு குளம் வெட்டுகிறார்கள். கரை வரை புல் போடுகிறார்கள். நாய் நடக்கப் பாதை அமைக்கிறார்கள். ஃபுளோரிடா நாற்பது வருடங்களில் செய்த எல்லாமும் அங்கே அதே வரிசையில் நடந்துகொண்டிருக்கிறது. எச்சரிக்கைப் பலகைகளை மட்டும் முதல் சாவுக்கு முன்னாலேயே நட்டுவைக்க இன்னும் நேரம் இருக்கிறது.